இன்று ரொக்கம், நாளை கடன்: இது யாருக்கு?

நம் கடைகள் பலவற்றில் கல்லாவுக்கு மேலே ஒரு சிறு பலகை தொங்கும். "இன்று ரொக்கம், நாளை கடன்" என்று அதில் எழுதியிருக்கும். சிலர் "கடன் அன்பை முறிக்கும்" என்று எழுதி வைத்திருப்பார்கள். இரண்டும் பட்டுத் தெரிந்து எழுதிய வாசகங்கள். நம்மிடம் சரக்கு வாங்க வருகிறவர்களுக்கு இந்த நீதியைச் சொல்லுகிறோம். நமக்குச் சரக்குக் கொடுக்க வருகிறவர்கள் விஷயத்தில், அதிலும் வீட்டிலிருந்தபடி கையால் நகை செய்து கடை வாசலில் தயங்கி நிற்கும் பெண்கள் விஷயத்தில், இதே நீதியை நாம் கடைப்பிடிக்கிறோமா என்பதுதான் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

2021 நவம்பர் 3 அன்று ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்று சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. அதன் எல்லைக்குள் அனகாபுத்தூர், பல்லாவரம் தொடங்கி பெருங்களத்தூர், மாடம்பாக்கம் வரை எந்தத் தெருவில் நுழைந்தாலும் கைவேலை நகை செய்யும் ஒரு வீடாவது தென்படும். பட்டு நூல் சுற்றிய வளையல், சுடுமண் ஜிமிக்கி, மணி கோத்த மாலை, காகிதச் சுருள் கம்மல், நாட்டியத்துக்கான தலைச்சாமான் என்று பலவகை. செய்கிறவர்களில் பெரும்பாலோர் இல்லத்தரசிகள். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு கிடைக்கும் இரண்டு மூன்று மணி நேரம்தான் அவர்களுக்குப் பட்டறை நேரம். சமையலறை மேடையும் சாப்பாட்டு மேசையும்தான் பட்டறை.

இவர்களைப் பற்றி நம்மவர்களிடையே இரண்டு விதமான பேச்சு உண்டு. "கடை வாடகை இல்லை, உரிமக் கட்டணம் இல்லை, மின்சாரத்துக்கு வணிகக் கட்டணம் இல்லை, வீட்டில் உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் விற்றுவிட்டுப் போகிறார்கள், நம் பிழைப்பைக் கெடுக்கிறார்கள்" என்பது ஒன்று. "பொழுதுபோகாத பெண்கள் செய்யும் விளையாட்டு, ஆறு மாதத்தில் விட்டுவிடுவார்கள்" என்பது மற்றொன்று. இரண்டும் தவறு என்று கருதுகிறேன்.

முதலாவது ஏன் தவறு? மளிகைக்கடையில் நாம் விற்பது அரிசி, பருப்பு, எண்ணெய். அவர் விற்பது வளையல். நம் வியாபாரத்தில் ஒரு ரூபாயைக்கூட அவர் எடுப்பதில்லை. மாறாக, அவர் சம்பாதிக்கும் பணம் அடுத்த நாளே பாலாகவும் பருப்பாகவும் நம் கடைக்குத்தான் வருகிறது. 2012 செப்டம்பரில் பல நிறுவனப் பொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் வரை அந்நிய முதலீட்டுக்கு மத்திய அரசு அனுமதி அளித்தபோது, உள்ளூர்ப் பணம் உள்ளூரிலேயே சுற்ற வேண்டும் என்று கடையடைத்துக் குரல் கொடுத்தவர்கள் நாம். அந்த நியாயம் நமக்கு மட்டும் உரியதல்ல. பக்கத்துத் தெருவில் வளையல் செய்கிறவருக்கும் உரியது.

இரண்டாவது பேச்சுக்கு வருவோம். ஆறு மாதத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் ஏன் விடுகிறார்கள்? வேலை தெரியாததால் அல்ல. உறவினரும் தோழியரும் ஆளுக்கொன்று வாங்கி முடித்த பிறகு, பதினொன்றாவது வாடிக்கையாளர் யார் என்று தெரியாததால் விடுகிறார்கள். அந்தப் பதினொன்றாவது வாடிக்கையாளர் தினமும் நம் கடைப் படியேறி வந்துகொண்டிருக்கிறார்.

புதிதல்ல இந்தத் தொழில்

கையால் நகை செய்து விற்பது நம் பகுதிக்குப் புதிதுபோல் பேசுகிறோம். புறநகர் ரயில் நிலையப் படிக்கட்டுகளையும் பேருந்து நிலையங்களையும் நினைத்துப் பாருங்கள். நரிக்குறவர் சமூகத்துப் பெண்கள் மடியில் பாசிமணியைக் கொட்டிக்கொண்டு, கம்பியை வளைத்து, நூலில் கோத்து, கேட்டவர் கண்ணெதிரிலேயே மாலை செய்து கொடுப்பதைப் பல தலைமுறைகளாகப் பார்த்து வருகிறோம். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். கூட்டம் எங்கே இறங்குகிறதோ அங்கே விரிக்க வேண்டும் என்ற வியாபாரப் பாடத்தை அவர்களுக்கு எந்தக் கல்லூரியும் கற்றுத்தரவில்லை. கோயில் திருவிழா எந்த ஊரில் எந்த மாதம் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

அப்படியும் அவர்கள் நிலை உயர நெடுங்காலம் ஆயிற்று. தமிழ்நாட்டின் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில்தான். கைத்திறன் இருந்தது, உழைப்பு இருந்தது, வாடிக்கையாளரைத் தேடிப் போகும் துணிவும் இருந்தது. கடைகளின் உள்ளே மட்டும் இடம் இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து விற்றவரைப் பேரம் பேசிக் குறைத்தோம். அதே மணிமாலையை ஃபேன்சி கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் சொன்ன விலை கொடுத்தோம். சரக்கு ஒன்றுதான். அது இருக்கும் இடம்தான் அதன் மதிப்பை மாற்றிவிடுகிறது. கடை என்பது வெறும் நான்கு சுவர் அல்ல. "இவரை நம்பி வாங்கலாம்" என்று ஊருக்குச் சொல்லும் ஒரு சான்றிதழ். அந்தச் சான்றிதழ் நம் கையில் இருக்கிறது.

நான்கு பாக்கெட் அப்பளம்

வேறு தொழில்தான் என்றாலும், மளிகைக்காரர் நமக்கு நன்கு தெரிந்த ஓர் உதாரணம் சொல்கிறேன். நம் அலமாரியில் இருக்கும் லிஜ்ஜத் அப்பளத்தின் கதை. 1959 மார்ச் 15 அன்று பம்பாய் கிர்காவில் ஏழு குஜராத்திப் பெண்கள் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் கூடினார்கள். கையில் கடனாக வாங்கிய 80 ரூபாய். முதல் நாள் அவர்கள் செய்தது நான்கு பாக்கெட் அப்பளம். அதை எங்கே கொண்டுபோய் விற்றார்கள்? பூலேஷ்வர் கடைவீதியில் தங்களுக்கு அறிமுகமான ஒரு வியாபாரியிடம்.

இன்று பல்லாயிரம் பெண்கள் உறுப்பினர்களாக உள்ள அமைப்பு அது. தொடங்கியவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர்களுடைய துணிவையும் கட்டுப்பாட்டையும் எல்லோரும் புகழ்கிறார்கள், புகழ வேண்டியதுதான். நான் நினைத்துக்கொள்வது அந்த பூலேஷ்வர் கடைக்காரரை. அவர் தர்மம் செய்யவில்லை, சரக்கு வாங்கினார். நன்கொடை கேட்பதில்லை என்பது அந்தப் பெண்கள் தொடக்கத்திலேயே எடுத்த முடிவு. அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு வாடிக்கையாளர். அந்த வாடிக்கையாளர் ஒரு கடைக்காரராக இருந்தார்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பிசைந்த மாவை வீட்டுக்கு எடுத்துச் சென்று, அப்பளமாக இட்டுக் கொண்டுவந்து கொடுக்கும்போதே கூலியைக் கையில் கொடுப்பது அந்த அமைப்பின் வழக்கம். வீட்டுத் தொழில் நிலைத்து நிற்பது இதனால்தான். அன்றைய உழைப்புக்கு அன்றே காசு வந்தால்தான் நாளைக்குக் கை ஓடும்.

என் கடையில் நடந்தது

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பிறரைக் குறை சொல்லும் முன் அது முறை.

மேற்குத் தாம்பரத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், வாடிக்கையாக வரும் ஒரு பெண்மணி, "அண்ணாச்சி, நான் செஞ்ச வளையல் நாலு செட் இருக்கு; உங்க கல்லா பக்கத்துல ஒரு ஆணியில மாட்டி வைக்கிறீங்களா? வித்தா பணம் கொடுங்க, விக்கலேன்னா எடுத்துக்கிறேன்" என்று கேட்டார். சரி என்று மாட்டினேன். நான்கு செட்டும் பத்து நாளில் போய்விட்டன. மேலும் கொண்டுவந்தார். நவராத்திரி நேரம், அவையும் போயின. ஆனால் பணத்தை உடனே எடுத்துக் கொடுக்கவில்லை. விற்ற பணம் கல்லாவில் அரிசிப் பணத்தோடும் எண்ணெய்ப் பணத்தோடும் கலந்துவிட்டது. எத்தனை விற்றது என்று எழுதியும் வைக்கவில்லை. அவர் வந்து நிற்பார். "நாளைக்கு வாம்மா, கூட்டமா இருக்கு" என்பேன். மறுநாள் "மண்டிக்காரருக்குக் கட்டணும், வெள்ளிக்கிழமை பார்க்கலாம்" என்பேன். அவருக்குத் தர வேண்டியிருந்தது 1,840 ரூபாய். அதை முழுதாகக் கொடுத்து முடிக்க நான்கு மாதம் ஆனது.

அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கடைசிப் பணத்தை வாங்கிக்கொண்டு போனவர் அதன் பிறகு வளையல் கொண்டுவரவில்லை. சில நாளில் மளிகை வாங்கவும் வரவில்லை. மாதம் நாலாயிரத்துக்குக் குறையாமல் சாமான் வாங்கிய குடும்பம். பிற்பாடு குரோம்பேட்டையில் ஒரு தையல் சாமான் கடையில் அவருடைய வளையல்களைப் பார்த்தேன். அதே கல் பதிப்பு, அதே முடிச்சு. விசாரித்தேன். "சனிக்கிழமை சாயந்திரம் கணக்குப் பார்த்துக் கொடுத்துடுவேன் அண்ணாச்சி, அந்தம்மாவும் சொன்ன தேதிக்குச் சரக்கு கொண்டாந்துடும்" என்றார் கடைக்காரர். எனக்குத் தலை குனிந்தது.

அந்த 1,840 ரூபாய் எனக்கு ஒரு மூட்டைச் சரக்கின் விலைகூட இல்லை. அவருக்கு அதுதான் முதல். அது நின்றால் நூல் வாங்க முடியாது, கல் வாங்க முடியாது, பாரிமுனைக்குப் போய்வர ரயில் கட்டணமும் வீட்டுச் செலவிலிருந்துதான் எடுக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்கள், "சம்பாதிக்கிறேன்னு சொல்லிட்டு நம்ம காசைத்தானே போடறே" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அந்தத் தொழில் அன்றோடு முடிந்தது. அது பெண்களின் விளையாட்டு என்று நாம் சொல்வதில் எவ்வளவு பங்கு நம் கல்லாவின் தாமதம் என்று யோசிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது

இது மனச்சாட்சி சார்ந்த விஷயம் மட்டுமல்ல. குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் 2006இல் வந்தது. பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கினால், எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும், ஒப்பந்தம் இருந்தால் அதில் கண்ட தேதிக்குள்ளும் பணம் தர வேண்டும். அந்தத் தேதியும் 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டியாக. 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இதை வருமான வரியோடும் இணைத்தது. குறித்த நாளுக்குள் கொடுக்காத தொகையை, கொடுத்து முடிக்கும் வரை நம் கொள்முதல் செலவாகக் காட்ட இயலாது.

2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள உதயம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆதார் எண் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம். சில்லறை, மொத்த வணிகர்களாகிய நம்மையும் 2021 ஜூலையில் இந்தப் பதிவில் சேர்த்தார்கள். ஆனால் நமக்குக் கிடைப்பது முன்னுரிமைக் கடன் வசதி மட்டும். தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு பொருளை உற்பத்தி செய்கிறவருக்கு உண்டு. வளையல் செய்யும் பெண்மணி உற்பத்தியாளர். பதிவு செய்துகொண்டால் சட்டம் அவர் பக்கம் நிற்கும். இதை அவரிடம் மறைக்க வேண்டியதில்லை. நாமே எடுத்துச் சொல்ல வேண்டும். பதிவு செய்த ஒருவரோடு வியாபாரம் செய்வது நமக்கும் கௌரவம்.

வரி பற்றியும் ஒரு வார்த்தை. சரக்கு மட்டும் விற்கிறவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை தமிழ்நாட்டில் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு கட்டாயமில்லை. வீட்டில் செய்கிறவர் எவரும் அந்தக் கவலையில் தயங்க வேண்டியதில்லை. வரிப் பதிவு உள்ள கடைக்காரர் வாங்கி விற்கும்போது தம் பில்லில் வரி காட்ட வேண்டும். செயற்கை நகைக்கு வரி 3 சதவீதம்; சாதாரணக் கண்ணாடி வளையலுக்கு வரி இல்லை. எந்தப் பொருள் எந்த வகையில் சேரும் என்பதைக் கணக்கரிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும்.

விலை என்பது கூலியும் சேர்ந்தது

இனி, நம் வீடுகளிலேயே இத்தொழிலைத் தொடங்க நினைக்கும் பெண்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நம் சங்க உறுப்பினர் பலருடைய மனைவியரும் மகள்களும் இதைச் செய்கிறார்கள். அவர்கள் சறுக்கும் முதல் இடம் விலை.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். ஆறு வளையல் கொண்ட ஒரு பட்டு நூல் செட்டுக்கு வளையம், நூல், கல், பசை, பெட்டி எல்லாம் சேர்த்து 70 ரூபாய் ஆகிறது. செய்ய இரண்டு மணி நேரம். 120 ரூபாய்க்கு விற்றால் 50 ரூபாய் லாபம் என்று மகிழ்ந்துவிடுகிறார்கள். அது லாபமல்ல, இரண்டு மணி நேரக் கூலி. கடையில் வைத்து 25 சதவீதம் கமிஷன் கொடுத்தால் 30 ரூபாய் போய் மிஞ்சுவது 20. மணிக்குப் பத்து ரூபாய்க் கூலிக்கு யார் எத்தனை நாள் உழைப்பார்கள்? அதே செட்டை 200 ரூபாய் என்று வைத்தால், கமிஷன் 50, பொருள் 70 போக 80 ரூபாய் நிற்கும். மணிக்கு 40 ரூபாய். அதிகமில்லை, ஆனாலும் தொழில் நடக்கும். தொடக்கத்திலேயே கடைக் கமிஷனையும் சேர்த்து விலை வைக்க வேண்டும். தோழிக்கு ஒரு விலை, கடைக்கு ஒரு விலை என்று வைத்தால், கடையில் பார்த்தவர் வீட்டுக்கே வந்து குறைத்துக் கேட்பார். கடைக்காரருக்கும் மனம் கசக்கும்.

நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. "நூற்று ஐம்பதுன்னா வைக்கிறேன்" என்று நாம் அடித்துப் பேசும்போது குறைவது நூல் விலையோ கல் விலையோ அல்ல. அவை வேறு வியாபாரிக்குக் கொடுத்தாகிவிட்ட பணம். குறைவதெல்லாம் அந்தப் பெண்மணியின் கூலி. பேரம் பேசுவது வியாபாரிக்கு உரிமைதான். ஆனால் யாருடைய பையிலிருந்து எடுக்கிறோம் என்று தெரிந்து பேச வேண்டும்.

வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார்

நகைக்கடைக்கு ஒரு குடும்பம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை போகும். மளிகைக்கடைக்கு மாதம் இருபது முறை வரும். யார் வீட்டில் வளைகாப்பு, யார் வீட்டில் நிச்சயதார்த்தம், யார் மகள் பரதநாட்டியம் கற்கிறாள் என்பது மளிகைக்காரருக்குத் தெரிவதுபோல் வேறு யாருக்கும் தெரியாது. சாமான் சீட்டைப் பார்த்தே வீட்டு விசேஷத்தைச் சொல்லிவிடுவோம். இந்த அறிவுக்கு இதுவரை நாம் விலை வைத்ததில்லை.

நவராத்திரிக்குச் சுண்டல் கடலை வாங்க வருகிறவர் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்க ஏதாவது தேடிக்கொண்டுதான் இருப்பார். "எத்தனை பேருக்கு அம்மா தாம்பூலம்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், முப்பது ஜோடி கம்மலுக்கு ஆர்டர் அங்கேயே முடியும். வரலட்சுமி நோன்பு, ஆடிப்பூரம், வளைகாப்பு, பொங்கல், பள்ளி ஆண்டு விழா என்று ஆண்டு முழுதும் வாய்ப்பு இருக்கிறது. சானடோரியத்தில் 1984இல் அமைந்த ஏற்றுமதி மண்டலத்துக்கு வேலைக்குப் போய்வரும் பெண்களும், கல்லூரி மாணவிகளும் நம் கடைகளைக் கடந்துதான் ரயிலுக்கும் பேருந்துக்கும் போகிறார்கள். இருபது முப்பது ரூபாய்க் கம்மலை அவர்கள் யோசிக்காமல் வாங்குவார்கள்.

செய்கிறவர்களுக்கு வேறு வழிகளும் இல்லாமல் இல்லை. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூலம் பலர் விற்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் பல்லாவரம் சந்தை இருக்கிறது. 1983இல் தொடங்கிய தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் சுய உதவிக் குழுக்களின் பொருள்களுக்குக் கண்காட்சிகள் நடத்தி வந்திருக்கிறது; நுங்கம்பாக்கத்தில் அன்னை தெரசா பெயரில் மகளிர் வளாகமே உண்டு. இவையெல்லாம் நல்லவை. ஆனால் படத்தில் பார்ப்பது வேறு, கையில் எடுத்து அளவு பார்ப்பது வேறு. வளையலுக்கு அளவு முக்கியம். கம்மலுக்குக் கனம் முக்கியம். கண்காட்சி நாலு நாளில் முடிந்துவிடும். சந்தை வாரம் ஒருமுறை. கடை தினமும் திறந்திருக்கும். கொக்கி கழன்றால் கொண்டுவந்து காட்ட ஓர் இடம் இருக்கிறது என்ற தைரியம் கடையில்தான் கிடைக்கும்.

செய்ய வேண்டியவை

உறுப்பினர்களுக்கு என் யோசனைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று: கல்லாவுக்குப் பக்கத்தில் இரண்டடி அகலத்தில் ஒரு பலகையோ கண்ணாடிப் பெட்டியோ ஒதுக்குங்கள். மிளகாய்த்தூள், பெருங்காயம், எண்ணெய் டின் அருகில் வேண்டாம். பட்டு நூல் எண்ணெயையும் தூசியையும் உடனே பிடித்துக்கொள்ளும். வெயில் பட்டால் நிறம் வெளுக்கும். சுடுமண் நகை கீழே விழுந்தால் உடையும்; எட்டாத உயரத்தில் தொங்கவிடாதீர்கள்.

இரண்டு: நாற்பது பக்க நோட்டு ஒன்று போடுங்கள். வைத்தது, விற்றது, மீதி என்று மூன்று கட்டம். இருவரும் கையெழுத்திடுங்கள். விற்ற பணத்தைக் கல்லாவில் கலக்காமல் தனி டப்பாவில் போடுங்கள். அது நம் பணமல்ல. நம்மிடம் இருக்கும் அவர் பணம்.

மூன்று: வாரம் ஒரு நாள் குறித்து அன்று கணக்கு முடித்துக் கொடுத்துவிடுங்கள். அவர் கேட்டு வரக்கூடாது. நாம் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

நான்கு: கமிஷன் எவ்வளவு, உடைந்தால் யார் பொறுப்பு, எத்தனை நாளில் விற்காத சரக்கை மாற்றுவது என்பதைத் தொடக்கத்திலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். கூச்சப்பட்டுப் பேசாமல் விட்டதுதான் பின்னால் மனத்தாங்கலாகிறது.

ஐந்து: அவர் மாதிரியை எடுத்து வேறொருவரிடம் கொடுத்து மலிவாகச் செய்யச் சொல்லாதீர்கள். அது நமக்கு ஒரு மாத லாபம். அவருக்கு ஒரு வருட யோசனை.

செய்கிறவர்கள் பக்கமும் கடமை உண்டு. சொன்ன தேதிக்குச் சரக்கு வர வேண்டும். மட்டமான கொக்கி போட்டால் அதிலுள்ள நிக்கலால் சிலருக்குக் காது அரிக்கும், புண்ணாகும். கெட்ட பெயர் கடைக்கு வரும். கூடுதலாக ஒன்றிரண்டு ரூபாய் ஆனாலும் நல்ல கொக்கி போட வேண்டும். தொழில் பணத்துக்கென்று ஒரு தனிப் பையோ வங்கிக் கணக்கோ வேண்டும். உறவினர் ஆனாலும் கடன் கூடாது. நம் பலகையை அவரும் மாட்டிக்கொள்ளட்டும்.

ஒவ்வொரு மே 5 அன்றும் வணிகர் தினம் கொண்டாடுகிறோம். சிறு வணிகனைக் காப்பாற்றுங்கள் என்று அரசிடம் கேட்கிறோம். பெரிய நிறுவனங்கள் சரக்கை எடுத்துக்கொண்டு பணத்தை இழுத்தடிக்கின்றன என்று மொத்த வியாபாரிகள் மேடையில் குமுறுகிறோம். அந்தக் குமுறல் நியாயமானது. அதே சமயம், நம்மைவிடச் சிறிய ஒருவர் நம் கடை வாசலில் நின்றுகொண்டிருக்கிறார். அவர் கண்ணுக்கு நாம்தான் பெரிய நிறுவனம்.

என் கடையில் அந்தப் பலகை இன்னும் தொங்குகிறது. அதன் கீழே இப்போது ஒரு நோட்டும் ஒரு டப்பாவும் இருக்கின்றன. வேறு இரண்டு பெண்கள் சரக்கு வைக்கிறார்கள். சனிக்கிழமை மாலை கணக்கு. பழைய வாடிக்கையாளர் திரும்பி வரவில்லை. வந்தால் முதலில் ஒரு மன்னிப்பும், அடுத்ததாக ஓர் ஆணியும் அவருக்காக இருக்கிறது.